ரஸ்தாளியில் ஒரு வெள்ளைக் கோடு

மாமனார் கைபேசியை எட்டப் பிடித்து அந்தப் படத்தைப் பார்த்தார். கண்ணாடி ஜாடிக்குள் விரல் நீளத்தில் ஒரு வாழைக் கன்று, அடி முதல் குருத்து வரை பால் வெள்ளையாக நின்றது.

“ஏங் கண்ணு, இப்பிடி வெளுத்துக் கெடக்குது? நம்ம தோட்டத்துல இப்பிடி ஒண்ணு வந்தா அன்னிக்கே நோண்டி எறிஞ்சுபோடுவோம்.”

“அது வெளுக்கோணும்னுதானுங்கப்பா இத்தனை நாளாப் பாடுபட்டோம்” என்றாள் என் மனைவி.

அவர் என் பக்கம் திரும்பினார். “ஏனுங் மாப்ளெ, இதுக்கா கோயமுத்தூருல இவளுக்குச் சம்பளம் தர்றாங்க?”

கொடுமுடிக்குப் பக்கத்தில் அவருடைய ரஸ்தாளித் தோட்டம் வாடல் நோயில் ஆண்டுதோறும் சரிந்துகொண்டிருந்தது. மனைவி கோவையில் வாழையின் மரபணுக்களைத் திருத்தும் ஆய்வுக் குழுவில் இருக்கிறாள். மரபணுவைக் குறித்த இடத்தில் வெட்டுவார்கள். செடி அந்த வெட்டைத் தானே ஒட்டிக்கொள்ளும்போது சிறு பிழை நேரும். அவர்களுக்கு வேண்டியது அந்தப் பிழைதான். நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணுவைக் கெடுப்பது கடைசி நோக்கம். அதற்கு முன், ரஸ்தாளியில் வெட்டு விழுகிறதா என்று பார்க்க, பச்சை நிறத்துக்குத் தேவையான மரபணுவில் முயல்வார்கள். விழுந்தால் கன்று வெளுக்கும். அது மண்ணில் பிழைக்காது. ஆனால் ஜாடியிலேயே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அதுவரை எல்லாம் பச்சையாகவே வந்திருந்தன. இந்த முறையும் விழாவிட்டால் வேறு ரகத்துக்குப் போய்விடலாம் என்று குழுத் தலைவர் சொல்லியிருந்தார். அவள் சோதித்த கன்றுகள் அப்பாவின் தோட்டத்தில் நோய் எட்டாத மூலையிலிருந்து வந்தவை.

“அப்ப ஜெயிச்சாச்சா? எழுதலாமா?” என்றேன். நான் பத்திரிகைக்காரன்.

“எழுதாதீங்க. ஜாடியில நாங்க போடற மருந்துக்கும் செடி வெளுக்கும். படிச்சுப் பாத்தாத்தான் தெரியும்.”

இலைத் துணுக்கிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, வெட்டு விழுந்திருக்க வேண்டிய இடத்தைப் படிப்பதைத்தான் அப்படிச் சொன்னாள். ஆய்வகத்தில் இனிப்பு வாங்கும் பேச்சு வந்தபோதும் தடுத்துவிட்டாள். வெள்ளைக் கன்றோடு பச்சைக் கன்றுகள் அத்தனையிலிருந்தும் துணுக்கு எடுத்து அனுப்பினாள்.

“பச்சைக்கு எதுக்குங்கக்கா டெஸ்ட்டு? அப்பா வெச்ச கன்னுன்னு பாசமா?” என்று உடன் வேலை செய்யும் பெண் சீண்டினாளாம்.

முடிவு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மின்னஞ்சலில் வந்தது. முதல் பக்கத்தைப் பார்த்ததும் குழுத் தலைவரை அழைத்தாள்.

“சார், வெள்ளை நம்முளுது இல்லைங்க. வெட்டே விழுகலை. மருந்துல வெளுத்திருக்குது.”

குரலில் எந்த மாற்றமும் இல்லை. தனக்குப் பாதகமான செய்தியைத் தானே முதலில் சொல்பவர்களை என் தொழிலில் நான் அதிகம் பார்த்ததில்லை. போனை வைத்துவிட்டு, ஆறிப்போன காபியோடு மற்ற பக்கங்களையும் படித்தாள். பச்சைக் கன்றுகளின் முடிவுகளில் ஒன்றில் அவள் விரல் நின்றது.

“ஏனுங்க, வண்டியை எடுங்க.”

கணபதியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து நேரே ஆய்வகம் போனோம். அங்கே ஒரு ஜாடியை எடுத்து விளக்குக்கு நேரே திருப்பினாள். கன்று பச்சைதான். இரண்டாவது இலையில் மட்டும், நடு நரம்பிலிருந்து விளிம்பு நோக்கி, நூல் போல ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. கன்றின் சில செல்களில் மட்டும் வெட்டு விழுந்திருந்தது. முழு வெள்ளையையே தேடிய கண்கள் இதைத் தாண்டிப் போயிருந்தன, அவளுடையவையும்தான்.

“இதை எழுதலாமா?”

“இன்னொருக்காப் படிச்சுப் பாத்துக்கறனுங்க.”

இரண்டாம் முறையும் அதே பிழை, அதே இடத்தில் இருந்தது. ரஸ்தாளியிலேயே தொடரலாம் என்றார் குழுத் தலைவர். அன்றைக்குத்தான் இனிப்பு வாங்க விட்டாள்.

அடுத்த வாரம், செய்தி கேட்டு, மாமனார் சாக்கு மூட்டையோடு வந்து இறங்கினார். மூட்டையை வாசலில் சாய்த்து, ஒரு கன்றை எடுத்து மண்ணைத் தட்டி மகளிடம் நீட்டினார்.

“ஈட்டியாட்ட இலை இருக்கற கன்னாப் பாத்து எடுத்தேன் கண்ணு. தோட்டத்துல இருக்கறதுலயே இதுதான் நல்லது. கெடுத்துப் பாரு.”