வீடு மாறியவர்கள்

பெட்டிக்காரர் என்று அவருக்குப் பெயர் வைத்தது மனைவியின் தம்பி. பீரோ அளவுக்கு ஒரு கம்ப்யூட்டர், அதற்கு மெயின்பிரேம் என்று பெயர், அதில் முப்பத்திரண்டு வருஷமாகப் புரோகிராம் எழுதுகிறவர் என்றெல்லாம் விளக்க அவனுக்குப் பொறுமை கிடையாது. அவருக்கு அந்தப் பெயர் வேப்பங்காய்.

நிரந்தர உத்தியோகம் அவர் பார்த்ததே இல்லை. ஒப்பந்தம்தான், இங்கே ஆறு மாதம், அங்கே ஒரு வருஷம். ஒன்று முடியும் முன்பே அடுத்த இடத்திலிருந்து போன் வந்துவிடும். அந்தப் போன் வாயை மூடிப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. எல்லாக் கம்பெனிகளும் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தன. முதலில் வெளியே போவது ஒப்பந்தக்காரர்கள்தான். கூட வேலை பார்த்தவர்கள் ஆரம்பத்தில் பேசினார்கள். பிறகு "அப்புறம் கூப்பிடறேன்" என்றார்கள். பிறகு எடுப்பதையே விட்டுவிட்டார்கள்.

மாதக் கடைசிக்குள் வேலை கிடைக்காவிட்டால் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுத் தம்பி வீட்டு மாடி அறைக்குப் போவது என்று மனைவி முடிவு செய்துவிட்டாள். அவள் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். தினமும் அங்கிருந்து இரண்டு காலி அட்டைப்பெட்டிகளோடு வீடு திரும்பினாள். பெட்டிக்காரர் நரகத்துக்குப் போகச் சொன்னாலும் போவார், மைத்துனன் வீட்டு மாடிக்குப் போகமாட்டார்.

வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஏஜென்ட்தான் அந்த யோசனையைச் சொன்னான்.

"முப்பத்திரண்டு வருஷ அனுபவம்னு போட்டா ஃபைலைத் திறக்கவே மாட்டாங்க சார். பதினஞ்சு போதும்."

"மிச்சம் பதினேழு வருஷம் நான் என்ன பண்ணிட்டிருந்தேன்?"

"பிறக்கலன்னு வச்சுக்கங்க."

பதினேழு வருஷத்தை அழிக்க மூன்று விநாடி ஆனது. தலைமுடிக்குச் சாயம் பூச அதைவிட அதிக நேரம் பிடித்தது. மறுவாரமே நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது, ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து. அங்கே அவர் எட்டு மாதம் வேலை பார்த்திருக்கிறார். அந்த எட்டு மாதமும் வெட்டிய பதினேழுக்குள் போய்விட்டது. தெரிந்த முகம் எதுவும் இருக்காது என்று தைரியமாகப் போனார்; இருக்கவும் இல்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் மேனேஜர் ஒருவரும் வக்கீலம்மா ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

மேனேஜர் நாலு தாள்களை நீட்டினார். "இந்தப் புரோகிராம்ல ஒரு தப்பு இருக்கு. கண்டுபிடிங்க. அரை மணி நேரம் தர்றோம்."

முதல் தாளிலேயே அவர் விரல் நின்றுவிட்டது. புரோகிராமுக்குள் குறிப்பு எழுதும்போது எல்லோரும் நட்சத்திரக் குறிகளால் கட்டம் கட்டுவார்கள். இதில் கூட்டல் குறிகள். இத்தனை வருஷத்தில் கூட்டல் குறியால் கட்டம் கட்டுகிற இன்னொரு பைத்தியத்தை அவர் சந்தித்ததில்லை.

வருஷா வருஷம் ஓய்வூதியக்காரர்களுக்கு ஒரு கடிதம் போகும். உயிரோடு இருப்பதாகக் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். திரும்பி வராவிட்டால், வீடு மாறியவருக்குப் புது விலாசத்தில் மறுபடி கடிதம், மாறாதவர் மட்டும் இறந்தவர் என்று பதிவாக வேண்டும். அந்தப் புரோகிராம் மொழியில் முற்றுப்புள்ளி வைத்த இடத்தில் நிபந்தனை முடிந்துவிடும். புள்ளி ஒரு வரி முன்னதாக விழுந்திருந்தது. அதனால் வீடு மாறியவர்களும் இறந்தவர்களானார்கள்.

நாலாவது நிமிஷத்தில் சொல்லிவிட்டார். வாயைக் கட்டியிருக்கலாம். ஆனால் பாழாய்ப்போன தொழில் கர்வம் விடவில்லை.

"உங்களுக்கு முன்னாடி ஒன்பது பேர் வந்தாங்க சார், ஒருத்தருக்கும் தெரியல!" என்று மேனேஜர் எழுந்தே விட்டார். "முந்தியெல்லாம் வருஷத்துக்கு ரெண்டு மூணு பேர்தான் மாட்டுவாங்க, கையாலயே திருத்திடுவோம். இப்ப பிள்ளைங்களுக்கு வேலை போய், குடும்பம் குடும்பமா வீடு மாறுறாங்க. இந்த வருஷம் மட்டும் நானூத்திப் பதினாறு பேர். எல்லாரும் உயிரோட இருக்காங்க."

வக்கீலம்மா ஒரு படிவத்தை முன்னால் தள்ளினாள். "இந்த அலுவலகத்துல இதுக்கு முன்னாடி நீங்க எந்த வேலையும் பார்த்ததில்லைன்னு ஒரு உறுதிமொழி. தப்பைத் திருத்துறதும் நீங்கதான், எழுதினது யாருன்னு கண்டுபிடிச்சு அறிக்கை தர்றதும் நீங்கதான். சம்பந்தமே இல்லாத ஆள் வேணும்னுதான் உங்களை எடுக்கிறோம்."

நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வார்த்தை தொண்டைவரை வந்தது. வீட்டுக் கூடத்தில் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகள் நினைவுக்கு வந்ததும் உள்ளே போய்விட்டது. கையெழுத்துப் போட்டார். வெட்கமாக இருந்தது, அதைவிட நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து அவருக்கே பயம் வந்தது.

"என்னங்க, நெஜமாவா?" என்று போனிலேயே அழுதாள் மனைவி.

திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தார். புள்ளியைச் சரியான வரிக்கு நகர்த்தினார். கையோடு, கூட்டல் குறிகளையெல்லாம் நட்சத்திரமாக மாற்றினார். யார் எப்போது எதைத் தொட்டார்கள் என்று அந்தக் கம்ப்யூட்டர்ப் பெட்டி ஒன்று விடாமல் எழுதி வைத்துக்கொள்ளும். இந்த அலுவலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அது அவருக்குத் தெரியும். தெரிந்தும் மாற்றினார்.

பதினோரு மணிக்குக் கவுன்டர் குமாஸ்தா ஒரு பெரியவரை அழைத்துவந்தார். "பஸ் டிரைவரா இருந்து ரிட்டயர் ஆனவர். நானூத்திப் பதினாறுல ஒருத்தர். இனிமே இவங்க கேஸெல்லாம் உங்ககிட்டதான்."

பெட்டிக்காரர் எண்ணைக் கேட்டுத் தட்டினார். இறந்தவர் என்றிருந்ததை அழித்தார். "சரியாயிடுச்சுங்க. இனிமே ஒண்ணும் ஆகாது."

டிரைவர் எழுந்திருக்கவில்லை. "தப்பா எழுதினது யாருன்னு தெரிஞ்சுதா?"

"தேடிட்டிருக்கோம்."

"சண்டை போடறதுக்குக் கேக்கல சார். நான் செத்துட்டேன்னு கம்ப்யூட்டர்ல வந்ததும், என் பென்ஷன் மருத்துவ அட்டையில ஆஸ்பத்திரிக்குப் போயிட்டிருந்த என் சம்சாரத்துக்கு மருந்தை நிறுத்திட்டாங்க. நான் ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சு முடிக்கறதுக்குள்ள அவ போயிட்டா. எழுதினவன் முகத்தை ஒரே ஒரு தடவை பார்க்கணும்."

அந்த முகத்தைத்தான் டிரைவர் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டிக்காரர் கீபோர்டு பக்கம் கையைக் கொண்டுபோனார்.

டிரைவர் இரண்டு கைகளாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு நிமிஷத்துல சரி பண்ணிட்டீங்களே. நீங்க முன்னாடியே இங்க வேலைக்கு வந்திருக்கக் கூடாதா, சார்?"