மினரல் பிரேக்

சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊரில் வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர், நாடு திரும்பும்போது தன் மலைச் சைக்கிளை எனக்குத் தந்துவிட்டுப் போனார். எங்கள் கரையோரத்தில் மலை ஏது? ஏறுவதற்குப் பாலங்களின் முதுகு மட்டும்தான் உண்டு. ஆனால் எனக்கு அந்தச் சைக்கிள் ஏறுவதற்கல்ல, ஓடுவதற்கு. "கடல் வருது" என்று யாராவது தும்மினாலும் வயல் பக்கம் முதலில் பறப்பவன் நான். ஒருமுறை மனைவியை விட்டுவிட்டே பறந்தேன். அதை அவள் இன்றுவரை மறக்கவில்லை.

யுத்தம் முடியும் தறுவாயில் அதன் முன் பிரேக் ஒழுகத் தொடங்கியது. பின் பிரேக் எப்போதோ செத்துவிட்டது. கம்பி இழுக்கும் பிரேக் அல்ல அது. கைப்பிடியை அழுத்தினால் குழாய்க்குள் இருக்கும் எண்ணெய் தள்ளி, இரண்டு கட்டைகள் சில்லோடு சுழலும் இரும்புத் தட்டைக் கவ்வும். எண்ணெய் ஒழுகினால் கவ்வாது. அன்றைக்கு இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது.

மனைவியின் தம்பி பிரேக் கைப்பிடியிலிருந்த மூடியை உற்றுப் பார்த்தான். ஆங்கில எழுத்துகள் தேய்ந்து, 'மினரல்' என்ற ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது.

"மினரல் எண்டா தண்ணிதானே மச்சான்! சுனாமிக்குள்ள எத்தின போத்தல் தந்தானுகள்!"

பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற நானும் தலையாட்டினேன். கிணற்றுத் தண்ணீர் வெள்ளைக்காரச் சாமானுக்கு ஒத்துக்கொள்ளாது என்று கடையில் போத்தல் வாங்கியே ஊற்றினோம். முற்றத்தில் பிரேக் இறுக்கமாகத்தான் பிடித்தது.

மறுநாள் காலை, பள்ளிக்கூடம் போகும் வழியில் இராணுவச் சோதனைச் சாவடி. எல்லாரும் இறங்கி உருட்ட வேண்டும். நான் கைப்பிடியை அழுத்தினேன். அது தொளதொளவென்று போனது. தண்ணீர் வழியெல்லாம் சொட்டித் தீர்ந்திருந்தது. தெரிந்த தமிழும் ஓதிய கலிமாவும் மறந்துபோக, வெளியே வந்தது எனக்குத் தெரிந்த சொற்பச் சிங்களம்தான்.

"மாத்தயா, பிரேக் நே!" ஐயா, பிரேக் இல்லை!

சிப்பாய் துவக்கைத் தூக்கினான். நான் கைகளைத் தூக்கினேன். ஓடுகிற சைக்கிளில் செய்யக்கூடாத வேலை அது. நேரே மணல் மூட்டைக்குள் போய்ப் புதைந்தேன்.

வயிற்றைப் பிடித்துச் சிரித்த சிப்பாய், பிறகு சிரிக்காமல் உடைந்த தமிழில் சொன்னான்:

"நாளைக்கு பிரேக் இல்ல, சைக்கிள் இங்க."

சாவடிக்குப் பின்னால் பறித்துப் போட்ட சைக்கிள்கள் துருப்பிடித்துக் கிடந்தன.

"குடுத்திட்டு வாங்க," என்றாள் மனைவி. "இனி கடல் வந்தா ரெண்டு பேரும் ஒண்டா நடந்தே ஓடுவம்."

"குடுக்க மாட்டன்!"

கடலுக்குப் பயந்து ஓடினேன், ஷெல்லுக்கு ஓடினேன், வதந்திக்கும் ஓடினேன். ஒரு ஒழுகலுக்கும் ஓட எனக்கு உத்தேசமில்லை.

கழற்றிப் பார்த்தேன். குழாய் கைப்பிடியோடு சேரும் இடத்தில் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. அவ்வளவு சின்ன வளையம் இருக்கக்கூடிய இடம், கடற்கரையில் தோணி எஞ்சின் திருத்தும் கடைதான். சுனாமிக்குப் பிறகு நான் கால் வைக்காத பக்கம் அது. கடலுக்கு முதுகு காட்டப் பயந்து நண்டு மாதிரிப் பக்கவாட்டில் கடைக்குள் நுழைந்தேன்.

"என்ன சேர், அலைக்குச் சலாம் சொல்ல வந்தீங்களா?" என்றார் கடைக்காரர்.

"சலாம் நீங்களே சொல்லுங்க. எனக்கு வளையத்தைக் கெதியாத் தாங்க."

வீட்டில், வளையத்தில் பூச மனைவியின் தையல் மெஷின் எண்ணெயை எடுத்தேன். போத்தலில் முழுசாக எழுதியிருந்தது: 'மினரல் ஒயில்'. மனைவி என்னைப் பார்த்தாள். நான் மச்சானைப் பார்த்தேன். அவன் அசர் தொழுகைக்கு நேரமாச்சு என்று எழும்பிப் போய்விட்டான்.

மிச்சத் தண்ணீரை வடித்து, ஊசிமருந்துக் குழாயால் அந்த எண்ணெயை ஏற்றினேன். மனைவி கைப்பிடியை அழுத்தி அழுத்தி விட, காற்றுக் குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. எண்ணெய் பட்ட கட்டைகளை மண்தாளால் தேய்த்தேன், தட்டை ஸ்பிரிட்டால் துடைத்தேன்.

"இப்ப நிக்குமா?" என்றாள்.

"அது நிக்காட்டியும் நான் நிப்பன், ஓட மாட்டன்."

மறுநாள் சாவடியை நோக்கி வேண்டுமென்றே வேகமாக மிதித்தேன். சிப்பாய் என்னைக் கண்டதும் மணல் மூட்டைக்குப் பின்னால் பாய்ந்தான். அழுத்தினேன். பின்சில்லு ஒரு துள்ளுத் துள்ள, சைக்கிள் மூட்டைக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அவன் எழும்பி வந்து, தானே பிரேக்கை அழுத்திப் பிடித்துச் சைக்கிளைத் தள்ளிப் பார்த்தான். அசையவில்லை. போ என்று தலையை ஆட்டினான்.

போகவேண்டியதுதானே? வீட்டில் மனப்பாடம் செய்து வந்த சிங்களத்தை வீணாக்க மனமில்லை.

"பிரேக் தியனவா, மாத்தயா," என்றேன். பிரேக் இருக்குது ஐயா!

இந்த முறை கைகளைத் தூக்கவில்லை. அவை கைப்பிடியிலேயே இருந்தன, பிரேக்கை அழுத்திக்கொண்டு.