கைக்குழந்தைக்கு முழு டிக்கெட்

பேருந்துப் பணிமனையில் முப்பத்தோரு ஆண்டுகள் டூட்டி போட்டவர் அவர். எந்த ஓட்டுநர், எந்த நடத்துநரோடு, எந்தத் தடத்தில், எந்த நாள் போவது என்று அட்டவணை எழுதுகிற வேலை. மொத்தம் இருநூற்றுப் பத்துப் பேர். யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை இல்லை, யாருக்கு விடியற்காலை எழுந்தால் தலை சுற்றும், மாமியார் வீட்டு வழியாகப் போகிற வண்டி என்றால் யாருக்கு வாய் கோணும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அட்டவணை இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பணிமனையில் அதற்கு ஒரு சுற்று என்று பெயர். அவருக்கும் அதனாலேயே சுற்றுக்காரர் என்று பெயர் வந்தது.

ஓய்வு பெற்ற பிறகும் சுற்று அவரை விடவில்லை. கேஸ் சிலிண்டர் ஒன்றரைச் சுற்று வரும். முடி வெட்டுவது சுற்றுக்கு ஒருமுறை. வாய் மாதம் என்று சொன்னாலும் மனம் இருபத்தெட்டைத்தான் எண்ணும்.

"இவருக்கு வருஷத்துக்குப் பதிமூணு மாசம். சம்பளம் மட்டும் பன்னெண்டுதான் வந்துச்சு" என்பாள் மனைவி.

மகள் லிஃப்ட் பரிசோதகர். ஒரு நாளைக்குப் பத்துக் கட்டடம் ஏறி இறங்கி, கம்பிவடமும் பிரேக்கும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவள். இரண்டாவது குழந்தை வயிற்றிலிருந்தபோது டாக்டர் அவளை ஐந்து மாதம் படுக்கையை விட்டு எழக்கூடாது என்று சொல்லிவிட்டார். அவள் அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே நாலடி தள்ளிப் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். பூச்சில்லாத செங்கல், நடுவில் ஒரு கழிவுநீர்க் குழாய். வானம் பார்க்க வேண்டுமென்றால் தலையணைக்குக் கீழே தலையைத் தொங்கவிட வேண்டும்.

அவர் தினமும் சாயங்காலம் போய் உட்கார்ந்திருப்பார்.

"அப்பா, அந்தச் சுவத்துல எத்தனை செங்கல்னு கேளுங்களேன்."

"எத்தனை?"

"நானூத்திப் பன்னெண்டு. உடைஞ்சது ஏழு. அதைத் தனிக் கணக்குல வச்சிருக்கேன்."

அவர் சிரித்தார். வீடு திரும்பும் வழியில் சிரிக்கவில்லை. எழுந்து நடக்கிற நாள் வந்ததும் இவளுக்குச் சுவரே இல்லாத இடத்தைக் காட்டுவது என்று பேருந்தில் வரும்போதே முடிவு செய்துவிட்டார். சுவரே இல்லாத இடம் என்றால் கடல்தான்.

பேறுகாலம் பத்துச் சுற்று. இருநூற்றெண்பது நாள். டாக்டர் கொடுத்த தேதியும் அவர் எண்ணி வைத்த தேதியும் ஒன்றாக இருந்தன. குழந்தையும் சொல்லி வைத்தாற்போல அன்றைக்கே பிறந்தது. நவம்பர் பத்து. அன்றிலிருந்து தம் கணக்கின் மேல் அவருக்கு ஒரு கர்வம்.

ஜனவரியில் அவர் ஒரு பயண ஏஜென்சிக்குப் போய், ஆறு இரவு போய்வரும் உல்லாசக் கப்பலில் பத்துப் பேருக்கு முன்பணம் கட்டினார். அவரும் மனைவியும். மகள், மருமகன், கேள்வி கேட்டே பெயர் வாங்கிய ஆறு வயதுப் பேத்தி 'கேள்வி', கைக்குழந்தை. மகன், மருமகள், அவர்களுடைய மூன்று வயது இரட்டையர். வரிசையாக மூன்று அறைகள், மூன்றுக்கும் கடல் பார்த்த வட்ட ஜன்னல். கட்டண விதி எளிது. ஓர் அறையில் முதல் இரண்டு பேருக்கு வயது என்னவானாலும் முழுக் கட்டணம். மூன்றாவது, நான்காவது ஆள் பெரியவராக இருந்தால் பாதி, குழந்தையாக இருந்தால் இலவசம். ஓர் அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது, கைக்குழந்தையும் ஓர் ஆள். ஏறும் நாளில் குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்திருக்க வேண்டும்.

இரவெல்லாம் அமர்ந்து யோசிக்கிற வேலையே இல்லை அவருக்கு. இரட்டையரில் ஒருவன் எழுந்தால் மற்றவனும் எழுவான், ஆகவே ஆளுக்கொரு அறை. கேள்வி தூங்குமுன் குறைந்தது நாற்பது கேள்வி கேட்கும், அதைத் தாங்குகிற ஆள் தாமே. பழைய தட அட்டவணையின் பின்பக்கத்தில் பென்சிலால் கட்டம் போட்டுப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார்.

"என்னை எங்க போட்டிருக்கீங்க?" என்றாள் மனைவி.

"என்கூட."

"முப்பத்தெட்டு வருஷமா அதே தடம். ஒரு தடவையாவது மாத்திப் போட்டுப் பாருங்களேன்."

"மாத்து ஆள் கொண்டு வா, மாத்தறேன்" என்றார். பணிமனையில் டூட்டி மாற்றக் கேட்டவர்களுக்கெல்லாம் அவர் சொன்ன பதில் அதுதான்.

பிப்ரவரி இருபத்தைந்து, மீதிப் பணம் கட்டக் கடைசி நாள். பிறப்புச் சான்றிதழ்களை உறையில் போட்டுக்கொண்டு காலையிலேயே ஏஜென்சிக்குப் போனார். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தாள். கைக்குழந்தையின் சான்றிதழ் வந்ததும் கை நின்றது.

"சார், கப்பல் ஏப்ரல் இருபத்தெட்டு. பாப்பாவுக்கு அன்னிக்கு அஞ்சு மாசம் பதினெட்டு நாள்தானே ஆகுது?"

"இல்லம்மா. ஆறு முடிஞ்சு ஒரு நாள் ஆகும். நல்லா எண்ணிட்டேன்."

"எப்படி எண்ணினீங்க?"

அவர் வாயைத் திறந்தார். ஆறு இருபத்தெட்டு நூற்று அறுபத்தெட்டு. வாய்க்குள் எண்ணும்போதே தெரிந்தது, மாதம் என்று எண்ணியதெல்லாம் சுற்று. வயிற்றில் இருந்தவரை சரியாக வந்த கணக்கு, குழந்தை வெளியே வந்ததும் செல்லாமல் போயிருந்தது. பன்னிரண்டு நாள் குறைகிறது.

அந்தப் பெண் நல்ல மாதிரி. மெதுவாகச் சொன்னாள்: "பாப்பாவை ஏத்த மாட்டாங்க சார். விட்டுட்டுப் போகலாம், இல்ல தேதி மாத்தலாம். மாத்தறதா இருந்தா இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள. அப்புறம் முன்பணம் போயிடும்."

பால் குடிக்கிற குழந்தையை விட்டுவிட்டு மகள் வர முடியாது. யாருக்காகக் கப்பலோ அவளையும் குழந்தையையும் கரையில் நிறுத்திவிட்டு எட்டுப் பேரை ஏற்றியிருக்கிறார். ஐந்து நிமிடம் தாமதமாக வந்ததற்கு அவர் எத்தனை பேருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறார்! பேருந்து நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் தடத்து வண்டிகள் மூன்று வந்து போயின. நான்காவதில் ஏறி மகள் வீட்டுக்குப் போனார்.

மகள் குழந்தையைத் தோளில் போட்டு முதுகு தட்டிக்கொண்டே கதவைத் திறந்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"என்னப்பா இது, கப்பல் கவுந்த மாதிரி?"

"கவுழல. உன்னை ஏத்தாம போகப் போகுது."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். ஒரு சொல்கூட மழுப்பவில்லை. "யாரும் காரணமில்ல. நான்தான்" என்று முடித்தார்.

மகள் குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று எழுந்தவர், சிரிக்கிறாள் என்று தெரிந்து மறுபடி உட்கார்ந்தார்.

"சுத்துல எண்ணிட்டீங்களாப்பா?"

"ம்."

"என் பிள்ளையை டூட்டி சார்ட்ல ஏத்திட்டீங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு குரல் தாழ்ந்தது. "பரவாயில்லப்பா. நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க. அம்மாவுக்கு ஆசை. கேள்வி பெட்டியே கட்டிடுச்சு. எனக்குக் கடல் எங்க போகப் போகுது? அங்கேயேதான் இருக்கும்."

சொல்லும்போது அவள் அவரைப் பார்க்கவில்லை. படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. ஜன்னல் தெரிந்தது. ஜன்னலில் சுவர் தெரிந்தது.

அவர் எழுந்து செருப்பை மாட்டினார்.

"டீ போடறேன்பா, இருங்க."

"அஞ்சு மணிக்கு அப்புறம் குடிக்கறேன்."

ஏஜென்சிக்குத் திரும்பிப் போனார். அதே கப்பல் மே பன்னிரண்டில் மறுபடி கிளம்புகிறது. குழந்தைக்கு அன்று ஆறு மாதம் இரண்டு நாள். அவர் அதைக் காலண்டரில் விரல் வைத்து மூன்று தடவை எண்ணினார். மேசைக்குப் பின்னால் இருந்த பெண்ணையும் ஒரு தடவை எண்ணச் சொன்னார். ஆனால் அந்தப் பயணத்தில் வட்ட ஜன்னல் அறைகள் எல்லாம் போய்விட்டிருந்தன. ஜன்னலே இல்லாத நான்கு படுக்கை அறை இரண்டு, பால்கனி வைத்த இரண்டு படுக்கை அறை ஒன்று. அவ்வளவுதான். மூன்றும் மூன்று தளத்தில்.

"பெரியவங்க ரெண்டு பேரும் பால்கனி ரூம் எடுத்துக்குங்க சார்" என்றாள் அவள். "பொண்ணு குடும்பம் நாலு பேர் ஒண்ணுல, பையன் குடும்பம் நாலு பேர் ஒண்ணுல. நாலு குழந்தையும் இலவசம். எல்லாரும் இப்படித்தான் போடுவாங்க."

அவர் பென்சிலை எடுத்தார். இந்தத் தடவை பத்து நிமிடம் போதவில்லை. இரட்டையரைப் பிரிக்கும் விதி முதலில் உடைந்தது. இரண்டாவதாக எது உடைய வேண்டும் என்று யோசித்தபின் தொலைபேசியை எடுத்தார்.

"மாப்பிள்ளை, உங்ககிட்ட ஒரு சம்மதம் வேணும்."

"சொல்லுங்க மாமா." மருமகன் ரொட்டித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். பின்னால் இயந்திர இரைச்சல்.

நடந்ததைச் சொன்னார். "இப்ப ஆறு ராத்திரி நீங்க என்னோடயும் உங்க அத்தையோடயும் ஒரே ரூம்ல படுக்கணும். ஜன்னல் கிடையாது."

இரைச்சல் குறைந்தது; மருமகன் வெளியே வந்திருந்தான்.

"மாமா, நான் குறட்டை விடுவேன்."

"ஊருக்கே தெரியும். உங்க அத்தையும் விடுவா. அது ஊருக்குத் தெரியாது, வெளிய சொல்லிடாதீங்க."

"அப்ப அவளும் பாப்பாவும்?"

"பால்கனி. அவங்க ரெண்டு பேர் மட்டும்."

"பால்கனியா?" குரல் மாறியது. "நான் தரையிலகூடப் படுத்துக்கறேன் மாமா. லீவை நான் மாத்திக்கறேன். நீங்க போடுங்க."

மகனைக் கூப்பிட்டார். அவனுக்குத் தேதி மாறியது பெரிதாகத் தெரியவில்லை. "நீங்களாப்பா தப்பு பண்ணீங்க? நீங்களா?" என்று இரண்டு தடவை கேட்டு, மனைவியையும் கூப்பிட்டுச் சொன்னான். அந்த வீட்டில் அன்று விருந்துபோலச் சந்தோஷம்.

அந்தப் பெண் தொகையைக் கணக்கிட்டாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "சார், ஒண்ணு கவனிச்சீங்களா? பால்கனி ரூம்ல பாப்பா ரெண்டாவது ஆள். முழு டிக்கெட். உங்க மாப்பிள்ளை உங்க ரூம்ல மூணாவது ஆள். அவருக்கு அரை டிக்கெட்."

"அவர் தொண்ணூத்திரெண்டு கிலோ" என்றார். "இவ ஆறு."

"விதி அப்படி சார். வேணும்னா நான் முதல்ல சொன்ன மாதிரியே போட்டுடலாம். ரொம்பக் குறையும்."

அவர் நாக்கு மேல்வரிசையில் இருந்த ஓட்டைக்குப் போனது. போன ஆண்டு வேர்க்கடலையில் கிடந்த ஒரு கல் முன்பல்லை வாங்கிப் போயிருந்தது. பல் கட்டுவதற்கென்று ஒரு தொகை தனியாக எடுத்து வைத்திருந்தார், அடுத்த வாரம் நாளும் குறித்தாயிற்று. அந்தத் தொகையும் இங்கே கூடுகிற தொகையும் ஏறக்குறைய ஒன்றுதான்.

"பாப்பாவுக்கு முழு டிக்கெட்டே போடும்மா" என்றார். மணி நாலே முக்கால்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாப்பிள்ளை முன்னாடி நான் எப்படித் தூங்கறது?" என்றாள். அப்புறம், "பல்லு?" என்றாள்.

"அடுத்த சுத்துல பாத்துக்கலாம்."

"உங்க சுத்தை நம்பித்தான் இவ்வளவும்." சொல்லிவிட்டு அவருக்கு டீ வைக்க எழுந்து போனாள். மகளிடம் பல் விஷயம் சொல்லக்கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டார். அவளும் சொல்லவில்லை.

மே பன்னிரண்டு. கப்பலில் ஏற்றும் அதிகாரி கைக்குழந்தையின் சான்றிதழைக் கையில் எடுக்கும் முன்பே அவர் முந்திக்கொண்டார்: "ஆறு மாசம் ரெண்டு நாள். காலண்டர்படி." அதிகாரி பயணச்சீட்டைப் பார்த்து, "முழு டிக்கெட்டா?" என்று குழந்தைக்கு ஒரு சலாம் வைத்தார். அன்று முதல் அவளுக்குப் பெயர் முழு டிக்கெட்.

மூன்று அறை மூன்று தளத்தில் இருந்ததால் அவர் தினமும் ராத்திரி ஒன்பது மணிக்குப் படி ஏறி இறங்கி, கதவு கதவாகத் தட்டி ஆள் சரிபார்த்தார். அவர் அறையில் மருமகனும் மாமியாரும் முதல் ராத்திரி ஒருவருக்கு ஒருவர் மரியாதை செய்து விழித்தே கிடந்தார்கள். இரண்டாம் ராத்திரி இருவரும் ஒரே சுருதியில் சேர்ந்துவிட்டார்கள். காலையில் கேள்வி கேட்டது: "தாத்தா, கப்பல் எஞ்சின் நம்ம ரூம்லயா இருக்கு?"

மூன்றாம் நாள் விடிந்ததும் அவர் இரண்டு கோப்பை டீயோடு பால்கனி அறைக் கதவைத் தட்டினார். முழு டிக்கெட் தூங்கிக்கொண்டிருந்தது. இருவரும் வெளியே போய் உட்கார்ந்தார்கள். கரையில்லை, கப்பலில்லை, ஒரு பறவைகூட இல்லை. தண்ணீர், அதன் மேல் வானம்.

வெகுநேரம் கழித்து அவர் கையை நீட்டிக் கடலைக் காட்டினார். "இப்ப எண்ணு பாக்கலாம்."

மகள் கோப்பையைக் கீழே வைத்தாள். சிரிக்கத்தான் நினைத்தாள். அவர் அவள் பக்கம் திரும்பாமல் டீயைக் குடித்து முடித்தார். ஏழு மணிக்கு மருமகன் மேலே வந்து, பால்கனி வாசலில் அந்த இருவரையும் ஒரு படம் எடுத்தான். படத்தில் அவர் வாய் விட்டுச் சிரிக்கிறார். பல் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை.

அதற்குப் பிறகு அவருக்குப் பல் கட்ட ஏனோ தோதுப்படவில்லை. நான்கு ஆண்டுகள் அந்த ஓட்டையோடேயே சிரித்தார்.

போன மாதம் அவர் காலமானார். காலை, தூக்கத்தில். கஷ்டப்படவில்லை.

சட்டம் போட்டு மாட்டப் படம் தேடியபோது மகள் அந்தக் கப்பல் படத்தை எடுத்தாள். முழு டிக்கெட் எட்டிப் பார்த்து, "தாத்தாவுக்கு அப்பவே அந்தப் பல்லு இல்லையா?" என்றாள்.

மகள் பதில் சொல்லுமுன் பாட்டி சொன்னாள்: "அந்தப் பல்லா? அதுலதானே உனக்கு டிக்கெட் எடுத்தாரு."

மகளுக்கு அன்றுதான் தெரியும். தரையில் உட்கார்ந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டுக்கொண்டாள்: தொகை, தேதி, நாலே முக்கால் மணி.

மறுநாள் படத்தைப் பெரிதாக்கக் கொடுத்தாள். கடைக்காரர் திரையில் படத்தை நெருக்கிப் பார்த்தார். "அந்தப் பல்லைக் கம்ப்யூட்டர்ல வச்சிடலாம்மா. அஞ்சு நிமிஷ வேலை. தனிக் காசு வேணாம்."

"வேண்டாங்க" என்றாள் அவள். "அதைத் தொடாதீங்க. அப்படியே இருக்கட்டும்."