சும்மா உட்கார ஒரு மலை

ஜவ்வாது மலைக்குக் கிளம்ப வேண்டிய வாரம். செவ்வாய்க்கிழமை காலை, பயணத்துக்காகத் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில் நண்பன் குணா ஒரு வரி போட்டிருந்தான்: 'அம்மா தவறிட்டாங்க. நெஞ்சு வலி.' அதற்கு மேலே, முந்தின நாள் நான் அனுப்பிய கேலிப் படம் அப்படியே பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவன் நான். அன்று அந்தப் படத்தை அழிக்க மட்டும்தான் தெரிந்தது.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம் இருக்கும் குணாவின் அம்மா வசந்தா ஆண்டியின் டிபன் கடையில் நீங்களும் சாப்பிட்டிருப்பீர்கள். பௌர்ணமி தவறாமல் விடிய விடிய இட்லி வெந்த கடை. ஐப்பசியில் தீபாவளி முடிந்து, தீபக் கூட்டம் தொடங்குவதற்குள் ஆள் அரவமில்லாத இடத்தில் இரண்டு நாள் டென்ட் போட்டுத் தங்கலாம் என்று அந்தக் கடை பெஞ்சில்தான் திட்டம் போட்டோம். மலையைச் சுற்றியே பழகியவர்கள், ஒரு மலையை ஏறித்தான் பார்ப்போமே என்று.

"நானும் வரேண்டா" என்றார் ஆண்டி, கல்லில் தோசையைத் திருப்பிக்கொண்டே.

எங்களுக்கு வாயெல்லாம் பல். சோற்றுக்கு வழி கிடைத்துவிட்டது. "ஆண்டி, அங்க குஸ்கா போட்டுடலாமா?" என்றேன்.

"ஆண்டின்னு கூப்பிடாதன்னு எத்தினி வாட்டி சொல்றது? வயசாக்காதடா."

"மலை மேல போய் ஒக்காரப் போறீங்க. அப்புறம் ஆண்டி இல்லாம?"

சிரித்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்தார். "ஒக்காரத்தாண்டா வரேன். எங்கிருந்தோ பிளேன் ஏறி வராங்க, நம்ம ஊர்ல சும்மா ஒக்காந்துட்டுப் போறாங்க. நான் இந்த ஊர்க்காரி, ஒரு நாள் ஒக்காந்ததில்ல. அங்க நீங்க ஆக்குங்க, நான் துன்றேன்."

குணாவின் அப்பா, "ரெண்டு நாள் கடைய யாரு பாக்கறது?" என்று இழுத்தார்.

"பூட்டு பாத்துக்கும்" என்றார் ஆண்டி. அந்தப் பதில் எனக்குத் தோன்றவில்லையே என்று இன்றும் பொறாமை.

அவரை எடுத்த அன்று அந்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து சோறு வந்தது. குணா தட்டைத் தொடவில்லை. "ரெண்டே நாள்தான்டா கேட்டாங்க" என்றான். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னான்.

எனக்கென்று மிஞ்சியிருப்பது அதற்கு முந்தின ஞாயிறு, டென்ட் ஒத்திகை நடந்த மதியம். கடை மொட்டை மாடியில் டென்ட் போட்டோம். சிமெண்டில் முளை எங்கே இறங்கும்? நான்கு மூலைக்கும் தண்ணீர்க் குடங்களை வைத்துக் கட்டினோம். "காத்து நல்லா வருதே" என்று ஆண்டி உள்ளே போய் உட்கார்ந்தார். நான் கிண்டிய உப்புமாவைத் தட்டில் எடுத்துப் போனபோது தூங்கிப்போயிருந்தார். செருப்புக்கூடக் கழற்றவில்லை, கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

டென்டை உலுக்கிக் கரடி மாதிரி உறுமுவது என்று ஏற்கெனவே பேசி வைத்திருந்தோம். குணா என்னைப் பார்த்தான். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

கீழே யாரோ, "அக்கா, பார்சல் கிடைக்குங்களா?" என்று குரல் கொடுத்தார். ஓடி இறங்கினேன்.

"அக்கா இல்லீங்க. மலைக்குப் போயிருக்காங்க."

பிறகு வந்தவர்களுக்கும் அதையே சொன்னேன். படியிலேயே உட்கார்ந்து, அவர் தானாக எழும்வரை யாரையும் மேலே விடவில்லை. அவ்வளவு நேரம் நான் கேலி பேசாமல் இருந்தது அன்றைக்கு மட்டும்தான். ஆண்டியின் நினைவாக அந்த மதியத்தை வைத்துக்கொள்கிறேன்.