லேபிள் சுரண்டிய டப்பாக்கள்

தையற்காரம்மாவுக்கு வயது அறுபத்து நான்கு. அதில் இருபத்தாறு வருடம் எச்.ஐ.வி.யோடு கழிந்தது. கணவன் விட்டுப்போன சொத்து அது ஒன்றுதான் என்று, எச்.ஐ.வி. உள்ளவர்கள் கூடும் சனிக்கிழமைக் கூட்டத்தில் சொல்லிச் சிரிப்பாள். வீட்டில் அந்தச் சிரிப்புக்கு இடமில்லை. மாத்திரை டப்பா கைக்கு வந்ததும் மருந்தகப் படியிலேயே உட்கார்ந்து, தையல் பிரிக்கும் பிளேடால் லேபிளைச் சுரண்டிவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். கூட்டத்துக்கு வருகிற எல்லோரும் அப்படியே. அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான்.

சாகாமல் இருந்ததால் வயதாகிவிட்டது. சர்க்கரை வந்தது, இரத்த அழுத்தம் வந்தது, கண்ணில் புரை விழுந்தது. கை மட்டும் பழக்கத்தை விடவில்லை. ஒளிக்கத் தேவையில்லாத சர்க்கரை மாத்திரை டப்பாவையும் சுரண்டியது.

ஒரு நாள் காலை மிஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள். மகனும் மருமகளும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடினார்கள். குளுக்கோஸ் ஏறி பாதி நினைவு திரும்பியபோது, டாக்டர் டப்பாக்களை மேசையில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாமே வெள்ளையா இருக்கு. எது என்ன மாத்திரை? அவங்களுக்கு வேற என்ன நோய் இருக்கு?"

மருமகள் கணவனைப் பார்த்தாள். அவனுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்தே தெரியும். சுவரில் இருந்த சுவிட்சைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "சத்து மாத்திரைங்க சார்."

தையற்காரம்மாவின் காதில் அது விழுந்தது. பெற்ற தாய் பிழைப்பாளா என்று தெரியாத நேரத்தில் மானம் காக்கிறான்! அவனைச் சொல்லி என்ன, அந்தப் பொய்யை அளவெடுத்துத் தைத்துப் போட்டுவிட்டவளே அவள்தான். மருமகள் வெளியே போனதும் தையற்காரம்மாவே டாக்டரிடம் உண்மையைச் சொன்னாள். டப்பா மாறிப்போய், நான்கு நாளாகச் சர்க்கரை மாத்திரை தினமும் இரண்டு மடங்கு உள்ளே போயிருந்தது, எச்.ஐ.வி. மாத்திரை ஒன்றுகூடப் போகவில்லை.

சனிக்கிழமை, கூட்டம் நடக்கும் அச்சகத்து மாடியில், ஓய்வுபெற்ற டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். "என்னக்கா நீங்க! கண்ணு தெரியலன்னா கேட்டுப் போடக்கூடாதா?"

"நீங்க பேசாதீங்க தம்பி. போன மாசம் மூட்டுவலித் தைலத்தக் கண்ணுல விட்டுக்கிட்டவரு யாரு?"

அறையே சிரித்தது. பாடம் எடுக்க வந்த நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. "உங்க எல்லாருக்கும் வயசாயிடுச்சு. இனிமே லேபிளச் சுரண்டினா நோய் கொல்லாது, நீங்களே உங்களக் கொன்னுக்குவீங்க. பெரிய எழுத்துல எழுதி, கண்ணுல படுற இடத்துல வைங்க."

தையற்காரம்மா டப்பாக்களில் அப்படியே எழுதி ஒட்டிச் சமையலறை அலமாரியில் வைத்தாள். மகன் பார்த்ததும் நகத்தால் கீறத் தொடங்கினான்.

"பைத்தியமாம்மா உனக்கு? அவ பாத்தா குழந்தையத் தூக்கிட்டுப் போயிடுவா. அப்புறம் பேத்திய நீ பாக்கவே முடியாது."

அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. இத்தனை வருடம் சுரண்ட வைத்ததே அதுதான். ஆனால் அவன் நகத்தைப் பார்க்கப் பார்க்க அருவருப்பு பயத்தை மிஞ்சியது. "கைய எடுடா. நான் செத்தாலும் சத்து மாத்திரைன்னுதான் சொல்லுவியா?" என்றவள், மருமகளைக் கூப்பிட்டு இரண்டே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள்.

மருமகள் கையைச் சேலையில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள். குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"தொட்டா வராது. ஒரே தட்டுல சாப்பிட்டாலும் வராது."

"தெரியும் அத்தை," என்றாள். கால் மட்டும் பின்னால் போனது.

மாலையில் மாமியாரின் டம்ளர் தனியாகக் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. படித்த பெண், தெரியும் என்று சொன்ன வாய்! தையற்காரம்மா அதை எடுத்து மற்ற டம்ளர்களுக்கு நடுவே திணித்தாள்.

மறுநாள் காலை அறை வாசலிலிருந்து குரல் வந்தது. "அத்தை, எட்டாச்சு. மாத்திரை போட்டீங்களா?"

"உள்ள வந்து கேளு."

மருமகள் நிலைப்படியைத் தாண்டவில்லை. "பயமா இருக்கு அத்தை. சனிக்கிழமை நானும் அங்க வரேன். நர்ஸ்கிட்டக் கேட்டுட்டு அப்புறம் உள்ள வரேன்."

ஒளிக்காமல் சொன்ன பயம். அதற்காக அவளைப் பாராட்டத் தையற்காரம்மாவுக்கு மனம் வரவில்லை.

"பத்து மணிக்குக் கூட்டம். குழந்தையையும் தூக்கிட்டு வா," என்றபடி மாத்திரையை விழுங்கினாள்.