அக்கா வீட்டு ஹீட்டர்

லிஃப்ட் மெக்கானிக்கான அவனை வேலையிடத்தில் ‘ரிலே’ என்றுதான் கூப்பிடுவார்கள். மின்சாரத்தைத் தானாகப் போட்டு அணைக்கும் அந்தச் சின்னக் கருவி நாலைந்து எந்நேரமும் பையில் கிடக்கும். கடையில் விற்கும் ஸ்மார்ட் சுவிட்சைக் கண்டாலே அவனுக்கு இளக்காரம். தனியாக வசிக்கும் அக்கா வீட்டில் விளக்கு, விசிறி, குளியலறை ஹீட்டர் எல்லாம் அவன் செய்த பெட்டிகளில்தான் ஓடின. போனைத் தொட்டால் போதும்.

அக்காவுக்கு மருந்துக்கடையில் வேலை. கொஞ்ச நாளாக, காலையில் அவள் அணைத்துவிட்டுப் போகும் ஹீட்டர் மாலையில் கொதித்துக்கொண்டிருந்தது.

“உன் பெட்டியில ஏதாவது கோளாறாடா?”

“என் பெட்டி தானா எதையும் போடாது. நீதான் மறந்திருப்ப. வயசாகுதுல்ல!”

அக்காவும் சிரித்தாள். ஆனால் அதிலிருந்து கடைக்கு வரும் ஒவ்வொரு மருந்துச் சீட்டையும் திரும்பத் திரும்பப் படிக்க ஆரம்பித்தாள்.

ஒரு சனிக்கிழமை பாத்திரம் கழுவியபடியே சொன்னாள். “வேலைய விட்டுடப் போறேன்டா. திங்கட்கிழமை முதலாளிகிட்ட சொல்லிடுவேன். ஹீட்டர மறக்கிறவ, ஒரு குழந்தைக்கு மருந்த மாத்திக் கொடுத்துட்டா?”

அவன் பதில் சொல்வதற்குள் கூடத்து விளக்கு தானாக எரிந்தது. அக்காவின் கை முழுக்க சோப்பு நுரை. அவளுடைய போன் மேசைமேல் கிடந்தது.

அவசரமாகத் தன் போனைத் திறந்து பார்த்தான். விளக்கைப் போடும் உத்தரவு இன்டர்நெட் வழியாக வெளியிலிருந்து வந்திருந்தது. அப்போதுதான் உறைத்தது. பெட்டிகளை மாட்டிய நாளில், வேலையிடத்திலிருந்தே சோதித்துப் பார்க்க அக்கா வீட்டு இன்டர்நெட் ரவுட்டரில் ஒரு வழி திறந்துவைத்திருந்தான். சும்மா சோதனைக்குத்தானே என்று பாஸ்வேர்டும் போடவில்லை. பிறகு மூடவே இல்லை. முகம் தெரியாத எவனோ அந்த வழியாக வந்து விளையாடிக்கொண்டிருந்தான்.

வழியை அடைத்தான். எல்லாப் பெட்டிக்கும் பாஸ்வேர்டு போட்டான். ‘ஒரு பார்ட் பழுது, மாத்திட்டேன்’ என்று சொன்னால் தீர்ந்தது. அது நுனி நாக்குவரை வந்தது.

“அக்கா, நீ எதையும் மறக்கல. கண்டவன் உள்ள வர்ற மாதிரி நான்தான் திறந்துபோட்டிருந்தேன்.” முழுவதையும் சொல்லி முடித்தான்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டாள். “அப்போ என் தலை நல்லாத்தான் இருக்கா?”

“இருக்குக்கா. திட்டிடு.”

“திட்டறேன், இரு. முதல்ல கொஞ்சம் சந்தோஷப்பட்டுக்கிறேன்.”

அவள் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்க்க முடியாமல் அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அக்கா வேலையை விடவில்லை. ஹீட்டருக்கு அவனே பழைய மாதிரி சாதாரண சுவிட்ச் மாட்டினான். பிறகொரு காலை இருவரும் சேர்ந்து கிளம்பினார்கள். கதவைப் பூட்டிப் படியிறங்கியவள் நின்றாள்.

“பையப் பிடிடா, வந்துடறேன்.”

உள்ளே ஹீட்டர் சுவிட்சைப் போட்டு அணைக்கும் சத்தம் கேட்டது. கொஞ்சம் கழித்து மறுபடியும். அவன் பையை மார்போடு அணைத்தபடி வாசலிலேயே நின்றான்.