திங்கட்கிழமை விரதம்

ஊரில் உயர்தர வகுப்புக்கு அரசியல் படிப்பித்த காலத்தில், ஆபிரிக்காவில் ரொடீசியாவின் வெள்ளையர் ஆட்சி தானாகச் சுதந்திரம் அறிவித்ததையும், எந்த நாடும் அதை ஏற்காததையும் ஆண்டுதோறும் விளக்குவேன். நல்ல காரியமோ கெட்ட காரியமோ, அரசுகள் முதலில் மற்றவர் முகத்தைத்தான் பார்க்கும் என்பேன்.

2008 பெப்ரவரியில் கொசோவோ செர்பியாவிலிருந்து பிரிந்து சுதந்திரம் அறிவித்தபோது நான் சுவிஸில், லுசேர்ண் நகரத்து ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் இருந்தேன். என்னோடு பாத்திரம் கழுவிய நண்பர் கொசோவோக்காரர். என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் என் வேலையையும் சேர்த்துச் செய்தவர். தலைமைச் சமையற்காரர் செர்பியர். யாருக்குக் காலை வேலை, யாருக்கு இரவு வேலை என்று தீர்மானிப்பவர் அவர். எனக்குக் காலை வேலை வேண்டியிருந்தது.

அறிவிப்புக்கு மறுநாள் திங்கட்கிழமை. நண்பர் தட்டம் நிறையப் பக்லாவா கொண்டுவந்தார். செர்பியர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். மற்றவர்கள் இனிப்பை எடுத்து, நண்பருக்குக் கை கொடுத்தார்கள். பிறகு அவர் என்னிடம் வந்தார். நாங்கள் ஜெர்மனில்தான் கதைப்போம்.

"உங்களுக்குத்தான் முதல் தர நினைச்சனான். சொந்த நாடு எண்டால் என்ன எண்டு உங்களுக்குத் தெரியும்."

நான் செர்பியரின் முதுகைப் பார்த்தேன்.

"இண்டைக்குத் திங்கள், எனக்கு விரதம்."

நண்பர் நோன்பு பிடிக்கும் முஸ்லிம். உடனே தட்டத்தை இழுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். இரண்டு துண்டுகளை வெள்ளித்தாளில் சுற்றி, நாளைக்கென்று என் அலுமாரியில் வைத்தார். வாழ்த்துச் சொல்ல எந்த விரதமும் தடையில்லை. அதையும் நான் சொல்லவில்லை.

மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த எங்கள் ஊரவர் தமிழில் கேட்டார்.

"மாஸ்டர், காலமை கோழிக்கால் கடிச்சனீங்களே. அது சைவக் கோழியோ?"

"வாயை மூடும்."

"நான் மூடுறன். இனி நீங்களெல்லோ மூடிக்கொண்டிருக்க வேணும்."

பொதியை ரயில் நிலையத்துக் குப்பைத்தொட்டியில் போட்டேன். வீட்டுக்குக் கொண்டுபோனால் மனைவி கேள்வி கேட்பாள்.

அடுத்த வாரம் சுவிஸ் தலைநகர் பேர்ன் கொசோவோவை அங்கீகரித்தது. மறுநாள் செர்பியர் பார்த்திருக்கவே நண்பருக்குக் கை கொடுத்து வாழ்த்தினேன். சுவிஸ் அரசே சொன்ன பிறகு என்னை யார் குறை சொல்வது?

அவர் என் கையை விடவில்லை.

"பேர்ன் சொல்லும் எண்டு நான் நம்பியிருக்கேல்லை. நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு நம்பினனான்."

பிறகு கேட்டார்: "பக்லாவா எப்பிடி?"

"நல்லாயிருந்தது."

அதன் பின் திங்கட்கிழமைகளில் அவர் என் முன்னால் சாப்பிடுவதில்லை. பாண் துண்டை எடுத்துக்கொண்டு பின்கதவால் வெளியே போய், பனியிலும் நின்றுகொண்டே சாப்பிட்டார். உள்ளே வரச் சொன்னால், "உங்களுக்கு விரதமெல்லோ" என்பார். ஓய்வுபெறும்வரை நானும் திங்கட்கிழமைகளில் அங்கே எதையும் வாயில் வைக்கவில்லை. அதைப் பரிகாரம் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் உள்ளே சூட்டில் இருந்து சாப்பிட்டிருப்பார்.